யார் வெளியே போகிறார்கள்? லினக்ஸில் பிராக்சி வழியே மென்பொருள் நிறுவும் சிக்கல்

டெபியன் லினக்ஸை நிறுவும்போது, மென்பொருள் களஞ்சியத்துக்கான மிரரைத் தேர்ந்தெடுத்த கையோடு ஒரு திரை வரும். வெளி இணையத்துக்குப் போக எச்டிடிபி பிராக்சி வேண்டுமென்றால் முகவரியைக் கொடுங்கள், வேண்டாமென்றால் காலியாக விடுங்கள் என்று கேட்கும். வீட்டில் நிறுவுகிறவர் என்டரைத் தட்டிவிட்டுக் கடந்துபோகும் திரை அது. கல்லூரி ஆய்வகத்திலோ வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ உட்கார்ந்திருப்பவரால் அப்படிக் கடக்க முடியாது. அவர் முகவரியைத் தருகிறார், நிறுவலும் நல்லபடியாக முடிகிறது. மறுநாள் பைத்தான் நூலகம் ஒன்றை பிப் கொண்டு இறக்கப் பார்த்தால் இணைப்பே இல்லை என்கிறது. கிட் பதில் சொல்லாமல் நிற்கிறது. பிராக்சியைத்தான் நேற்றே கொடுத்துவிட்டோமே என்று அவர் நினைப்பதில் தவறில்லை.

ஆனால் அவர் கொடுத்தது கணினிக்கு அல்ல. ஆப்ட் என்ற ஒரே ஒரு நிரலுக்கு. நிறுவி அந்த முகவரியை ஆப்டின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டது. பிப்புக்கும் கிட்டுக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதே கணினியை வீட்டுக்கு எடுத்துப் போனால் கதை தலைகீழாகும். பிப் ஓடும், கிட் ஓடும், ஆப்ட் மட்டும் அலுவலகத்தில் விட்டுவந்த பிராக்சியைத் தேடிக்கொண்டு நிற்கும்.

லினக்ஸில் பிராக்சியை அமைப்பது எப்படி என்ற கேள்விக்குக் கிடைக்கிற பதில்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கோப்பையும் அதில் சேர்க்க வேண்டிய இரண்டு வரிகளையும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் சரியான பதில்தான், வேறு வேறு கேள்விகளுக்கு. எந்தக் கோப்பில் எழுதுவது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்த நொடியில் இணையத்துக்கு வெளியே போகிற நிரல் எது, அது யாருடைய பெயரில் ஓடுகிறது என்பதை. அது தெரிந்துவிட்டால் கோப்பு தானாகத் தெரியும்.

ஏன் இப்படி ஆயிற்று? ஐபி முகவரியையும் ரூட்டிங்கையும் பார்த்துக்கொள்வது கர்னல். டிஎன்எஸ் எல்லா நிரல்களுக்கும் பொதுவான அமைப்பு. பிராக்சி அந்த அடுக்கைச் சேர்ந்ததல்ல. பிராக்சி இருந்தால் நிரல் பேசும் முறையே மாறுகிறது. நேரடியாகப் போகும்போது சேவையகத்திடம் கோப்பின் பாதையை மட்டும் கேட்கும் நிரல், பிராக்சியிடம் முழு இணைய முகவரியையும் சொல்லிக் கேட்க வேண்டும். எச்டிடிபிஎஸ் என்றால் முதலில் கனெக்ட் என்ற கோரிக்கையை அனுப்பி, இந்தச் சேவையகத்தின் 443ஆம் போர்ட்டுக்கு எனக்கொரு குழாய் போட்டுக்கொடு என்று கேட்டு, பிறகு அதற்குள்ளே மறையாக்கப் பேச்சைத் தொடங்க வேண்டும். இதையெல்லாம் நிரலின் சார்பில் கர்னல் செய்ய முடியாது. ஒவ்வொரு நிரலும் தானே தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் வேர் ஜெனீவாவில் இருக்கிறது. உலகளாவிய வலையின் பிறப்பிடமான செர்ன் ஆய்வகத்தின் வலைச் சேவையகத்தில் பிராக்சி வசதியைச் சேர்த்த ஆரி லுவோட்டனன், இன்டெலைச் சேர்ந்த கெவின் ஆல்டிஸுடன் இணைந்து 1994இல் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். நெருப்புச்சுவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வலையைத் திறந்துவிடுவதே நோக்கம். பிராக்சியின் முகவரியை நிரலுக்குச் சொல்ல அன்று பிடித்த வழி சூழல் மாறி. எச்டிடிபி, ஓர் அடிக்கோடு, பிராக்சி என்று சேர்த்து எழுதும் அந்த மாறியைத்தான் முப்பது ஆண்டுகள் கழித்தும் லினக்ஸ் நிரல்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. அதற்கு முறையான தரவரையறை எதுவும் எழுதப்படவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கடைப்பிடித்த வழக்கம், அவ்வளவுதான். இன்றைய தொல்லைகளில் பாதி அங்கிருந்து வருகிறது.

மாறியின் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதுவதா, பெரிய எழுத்திலா என்பதிலேயே ஒருமித்த முடிவில்லை. சில நிரல்கள் இரண்டையும் பார்க்கும். இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் கர்ல் என்ற கட்டளை நிரல் வேண்டுமென்றே எச்டிடிபிக்கான மாறியைச் சின்ன எழுத்தில் மட்டும் ஏற்கிறது. மற்ற மாறிகளை எப்படி எழுதினாலும் எடுத்துக்கொள்கிறது. இது பிடிவாதம் அல்ல. பழைய சிஜிஐ முறையில் வலைச் சேவையகம், உள்ளே வரும் கோரிக்கையின் ஒவ்வொரு தலைப்பு வரியையும் எச்டிடிபி என்ற முன்னொட்டோடு பெரிய எழுத்தில் சூழல் மாறியாக மாற்றி நிரலுக்குத் தரும். வெளியிலிருந்து ஒருவர் பிராக்சி என்ற பெயரில் ஒரு தலைப்பு வரியை அனுப்பினால் போதும், அது அச்சுப் பிசகாமல் பிராக்சி மாறியாகவே வந்து உட்காரும். அதற்கப்புறம் அந்த நிரல் செய்யும் வெளிக் கோரிக்கைகள் தாக்குபவரின் கணினி வழியாகப் போகும். பெர்ல் மொழியின் வலை நூலகத்திலும் கர்லிலும் இந்த ஓட்டை 2001லேயே அடைக்கப்பட்டது. ஆனாலும் 2016 ஜூலையில் பிஎச்பி, கோ, பைத்தான் என்று பல இடங்களில் அதே ஓட்டை மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு, எச்டிடிபாக்சி என்று பெயரும் பெற்றது. ஆகவே சின்ன எழுத்தில் எழுதுங்கள். பெரிய எழுத்தை மட்டுமே பார்க்கும் கருவி ஏதாவது இருந்தால் அதற்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம்.

சரி, மாறியை எங்கே எழுதுவது? டெர்மினலில் எக்ஸ்போர்ட் போட்டால் அந்த டெர்மினல் மூடும்வரை இருக்கும். வீட்டு அடைவிலுள்ள பாஷ் கோப்பில் எழுதினால் அந்தப் பயனருக்கு மட்டும். ஈடிசி அடைவிலுள்ள என்விரான்மென்ட் கோப்பில் எழுதினால் உள்நுழையும் எல்லோருக்கும். இந்தக் கடைசிக் கோப்பு ஷெல் நிரல் அல்ல, உள்நுழைவின்போது பாம் என்ற அமைப்பு படிக்கும் வெறும் பட்டியல். ஒரு மாறியின் மதிப்பை இன்னொன்றில் ஷெல் பாணியில் பயன்படுத்தினால் வேலை செய்யாது. எழுதிச் சேமித்ததும் பலன் தெரியாது. வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தவரைக் கவிழ்ப்பது சூடோ. மென்பொருள் நிறுவ ரூட் உரிமை வேண்டும், ரூட் உரிமைக்கு சூடோ வேண்டும். சூடோவோ பாதுகாப்பு கருதி, அழைத்தவரின் சூழல் மாறிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கட்டளையை ஓட்டும். டெர்மினலில் கர்ல் அழகாக வெளியே போகும், அதே டெர்மினலில் சூடோ போட்ட கட்டளை போகாது. பெரிய எழுத்து ஈ என்ற விருப்பத்தோடு சூடோவை அழைத்தால் மாறிகள் கூடவே போகும். நிரந்தரமாக வேண்டுமென்றால் சூடோவர்ஸ் கோப்பில் இந்த மாறிகளை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி ஒரு வரி எழுதலாம். அந்தக் கோப்பை விசூடோ வழியாக மட்டுமே திருத்துங்கள். அங்கே ஒரு தட்டச்சுப் பிழை நேர்ந்தால் சூடோவே போய்விடக்கூடும், பிறகு பிராக்சி பற்றிய கவலையே இருக்காது.

ஆப்டைப் பொறுத்தவரை இந்தச் சிக்கலுக்குள் போகவே தேவையில்லை என்பது என் எண்ணம். அதற்கென்று சொந்த அமைப்பு இருக்கிறது. அது சூழல் மாறியைவிட முன்னுரிமை பெறுகிறது, சூடோவால் கழற்றப்படுவதும் இல்லை. ஈடிசி அடைவில் ஆப்டுக்கான அமைப்புத் துண்டுகள் இருக்கும் அடைவுக்குள், உங்களுக்கு அடையாளம் தெரிகிற பெயரில் ஒரு புதிய கோப்பு வைத்து, அக்வயர் என்று தொடங்கும் பிராக்சி வரிகளை எச்டிடிபிக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் ஒவ்வொன்றாக எழுதினால் போதும். நிறுவி எழுதிய பழைய வரி இன்னொரு கோப்பில் கிடந்து குழப்பினால், ஆப்ட்-கான்ஃபிக் டம்ப் என்ற கட்டளை இப்போது நடைமுறையில் இருக்கிற எல்லா அமைப்புகளையும் கொட்டிக் காட்டிவிடும். அலுவலகத்துக்குள்ளேயே ஒரு களஞ்சியம் இருந்தால், அந்தச் சேவையகத்தின் பெயரைக் குறிப்பிட்டு டைரக்ட் என்று எழுதினால் அதற்கு மட்டும் பிராக்சி இல்லாமல் போகும். உபுண்டு, மின்ட், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய மூன்றும் டெபியன் வழி வந்தவை. இவற்றில் எல்லாம் இதே கதைதான்.

ஃபெடோராவிலும் ரெட் ஹேட் குடும்பத்திலும் தொகுப்புகளை நிறுவும் டிஎன்எஃப் தன் அமைப்புக் கோப்பில் பிராக்சி, பயனர் பெயர், கடவுச்சொல் என்று மூன்று தனி வரிகளை ஏற்கிறது. ரெட் ஹேட் சந்தாவைப் பதிவுசெய்யும் நிரல் மட்டும் அதைப் பார்க்காது. அதற்கு வேறொரு கோப்பு. ஓப்பன்சூசேயில் நெடுங்காலம் இருந்துவந்த யாஸ்ட் என்ற வரைகலைக் கருவியிலேயே பிராக்சிக்கென ஒரு பக்கம் உண்டு. ஒரே இடத்தில் எழுதி எல்லோருக்கும் சொல்லும் முயற்சியில் எனக்குத் தெரிந்து இதுதான் ஓரளவு நேர்மையானது. ஆர்ச்சின் பாக்மேன் சூழல் மாறியோடு திருப்தி அடைகிறது.

உண்மையான குழப்பம் பின்னணிச் சேவைகளில் தொடங்குகிறது. ஸ்னாப் வழியாக ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லும்போது, நீங்கள் தட்டும் கட்டளை இணையத்துக்குப் போவதில்லை. அது ஸ்னாப்டி என்ற சேவையிடம் சொல்கிறது, அந்தச் சேவைதான் போகிறது. கணினி தொடங்கும்போதே எழுந்துவிட்ட அதற்கு, உங்கள் டெர்மினலில் நீங்கள் போட்ட எக்ஸ்போர்ட் எப்படித் தெரியும்? ஸ்னாப் செட் சிஸ்டம் என்ற கட்டளையால் பிராக்சியை அந்தச் சேவையிடமே சொல்ல வேண்டும். கொள்கலன்களைக் கட்டி ஓட்டும் டாக்கரில் இது மூன்று மடங்கு. படிமத்தை இறக்குவது டாக்கர் சேவை, அதற்கு சிஸ்டம்டி வழியாகவோ சேவையின் சொந்தக் கோப்பிலோ எழுத வேண்டும். படிமத்தைக் கட்டும்போது அதற்குள் ஓடும் ஆப்டும் பிப்பும் வேறு உலகம். அவற்றுக்குக் கட்டுமான மாறியாகத் தர வேண்டும். கட்டி முடித்து ஓடும் கொள்கலன் இன்னொரு உலகம். அவசரத்தில் டாக்கர்ஃபைலிலேயே பிராக்சியைச் சூழல் மாறியாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது படிமத்தோடு ஒட்டிக்கொண்டு, அதை யாருக்கெல்லாம் கொடுக்கிறீர்களோ அவர்களிடமெல்லாம் உங்கள் கடவுச்சொல்லோடு போய்ச் சேரும்.

ஆப்ட் சரியாக இருந்தும் நிறுவல் பாதியில் நிற்பதுண்டு. மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை நிறுவும் டெபியன் தொகுப்பில் எழுத்துருக்கள் கிடையாது. நிறுவும் கட்டத்தில் அதன் நிரல்துண்டு தானே வெளியே போய் சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்து அவற்றை இறக்கும். தொகுப்பைக் கொண்டுவந்தவர் ஆப்ட், எழுத்துருவைத் தேடிப் போகிறவர் வேறு ஆள். புதிய களஞ்சியத்தைச் சேர்க்கும்போது கையொப்பச் சாவியைச் சாவிச் சேவையகத்திலிருந்து எடுப்பதும் இப்படித்தான். ஜிபிஜி அந்த வேலையை டிர்மெங்கர் என்ற துணை நிரலிடம் விடுகிறது. பிராக்சி மாறியை மதி என்று அதற்குத் தனியாகச் சொன்னால்தான் மதிக்கும். சாவிச் சேவையகங்களின் வழக்கமான 11371ஆம் போர்ட்டைப் பல நிறுவனப் பிராக்சிகள் திறந்துவிடுவதும் இல்லை. அங்கே சாவியை எச்டிடிபிஎஸ் வழியாகக் கோப்பாக இறக்கிச் சேர்ப்பதே சுருக்கமான வழி. கிட்டில் எஸ்எஸ்எச் முகவரி வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். எஸ்எஸ்எச் இணைப்பு எச்டிடிபி பிராக்சி மாறியைப் பார்ப்பதில்லை. முகவரியை எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. ஜாவா உலகமும் மாறியைக் கண்டுகொள்ளாது. மேவனுக்கும் கிரேடிலுக்கும் அவற்றின் சொந்தக் கோப்புகளில் எழுத வேண்டும்.

முகவரியை எழுதுவதிலும் இரண்டு பொறிகள் உண்டு. எச்டிடிபிஎஸ்ஸுக்கான மாறியின் மதிப்பு பெரும்பாலும் எச்டிடிபி என்றுதான் தொடங்க வேண்டும். மாறியின் பெயர் நீங்கள் போக விரும்பும் இடத்தைக் குறிக்கிறது. மதிப்பு பிராக்சியிடம் பேசும் முறையைக் குறிக்கிறது. இரண்டும் ஒன்றென்று நினைத்து மதிப்பிலும் எஸ் சேர்த்துவிட்டால், மறையாக்கம் தெரியாத பிராக்சியிடம் நிரல் மறையாக்கம் பேசப்போய் புரியாத பிழைச்செய்தி வரும். அடுத்தது கடவுச்சொல். பயனர் பெயருக்கும் சேவையகப் பெயருக்கும் நடுவே அட் குறி பிரிப்பானாக நிற்கிறது. கடவுச்சொல்லுக்குள்ளும் அட் குறி இருந்தால் முகவரி தவறான இடத்தில் உடையும். அதை சதவீதக் குறியோடு 40 என்று எழுத வேண்டும். முக்காற்புள்ளிக்கு 3ஏ, சதவீதக் குறிக்கே 25. சிறப்புக்குறிகள் கட்டாயம் என்று வற்புறுத்தும் கடவுச்சொல் கொள்கையை வகுத்தவர்கள், அதை ஒரு முகவரிக்குள் எழுத வேண்டியவர்களைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்படி எழுதிய கடவுச்சொல் அங்கே நிர்வாணமாகக் கிடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். என்விரான்மென்ட் கோப்பையும் ஆப்டின் கோப்பையும் கணினியின் எந்தப் பயனரும் இயல்பாகப் படிக்கலாம். பல நிறுவனங்களில் அதே கடவுச்சொல்தான் மின்னஞ்சலுக்கும் சம்பளச் சீட்டுக்கும். விண்டோஸ் டொமைன் சார்ந்த என்டிஎல்எம் சரிபார்ப்பைக் கேட்கும் பிராக்சிகளுக்கு சிஎன்டிஎல்எம் என்ற சிறு நிரல் உதவுகிறது. அது உங்கள் கணினியிலேயே ஒரு பிராக்சியாக நின்று, கடவுச்சொல்லை ஹாஷாக வைத்துக்கொண்டு, நிறுவனப் பிராக்சியிடம் பேச வேண்டிய முறையில் பேசும். மற்ற நிரல்கள் கடவுச்சொல்லே இல்லாமல் அதனிடம் போகலாம். ஹாஷ் என்பதும் திருடத்தக்கதே, ஆனாலும் பச்சைக் கடவுச்சொல்லுக்கு எவ்வளவோ மேல்.

விலக்குப் பட்டியலுக்கான நோ பிராக்சி மாறி இன்னும் மோசம். உள்ளூர்ச் சேவையகங்களுக்கு நேராகப் போ என்று சொல்வதற்கானது அது. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் என்ன பொருள், நட்சத்திரக் குறி செல்லுமா, ஐபி முகவரித் தொகுதியைச் சாய்கோடிட்டு எழுதலாமா என்பதற்கெல்லாம் நிரலுக்கு நிரல் பதில் மாறுகிறது. கோ மொழியில் எழுதிய கருவிகள் முகவரித் தொகுதியை ஏற்கும்; கர்ல் 2022இல் வந்த 7.86 பதிப்பிலிருந்துதான் ஏற்கிறது. கிட்லாப் பொறியாளர் ஒருவர் 2021இல் இந்த வேறுபாடுகளை அட்டவணை போட்டுக் காட்டி, இதற்கொரு தரம் வகுக்க முடியாதா என்று கேட்டிருந்தார். நடைமுறையில் எந்த நிரலிலும் பிசகாத எழுத்துமுறை ஒன்றுதான்: சேவையகங்களின் முழுப்பெயர்களைக் காற்புள்ளியிட்டு, இடைவெளி விடாமல், ஒவ்வொன்றாக எழுதுவது.

உலாவி மட்டும் எப்படியோ வெளியே போய்விடுகிறதே என்ற வியப்புக்கு விடை பாக் கோப்பில் இருக்கிறது. 1996இல் நெட்ஸ்கேப் கொண்டுவந்த இந்த முறையில், எந்த முகவரிக்கு எந்தப் பிராக்சி என்பதை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறு தீர்மானிக்கும். உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது, ஆப்டுக்குள்ளும் பிப்புக்குள்ளும் இல்லை. பாக் கோப்பின் முகவரியைக் கொண்டுவந்து சூழல் மாறியில் ஒட்டுவதால் பயனில்லை. அந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே எழுதியிருக்கும் பிராக்சியின் பெயரையும் போர்ட்டையும் எடுத்து எழுத வேண்டும். 3128 அல்லது 8080 என்று பெரும்பாலும் இருக்கும். முதலாவது ஸ்குவிட் பிராக்சியின் இயல்பு போர்ட்.

அண்மை ஆண்டுகளில் தொல்லை இன்னொரு பக்கம் நகர்ந்திருக்கிறது. நிறுவனப் பிராக்சி எச்டிடிபிஎஸ் போக்குவரத்தை இடையில் பிரித்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழை ஒட்டி அனுப்பும்போது, சான்றிதழை நம்ப முடியவில்லை என்று நிரல்கள் மறுக்கின்றன. சரிபார்ப்பை அணைத்துவிடு என்ற ஆலோசனை எளிதாகக் கிடைக்கும், கேட்காதீர்கள். நிறுவனத்தின் மூலச் சான்றிதழை வாங்கி, டெபியனில் யூஎஸ்ஆர் லோக்கல் ஷேரின் கீழுள்ள சான்றிதழ் அடைவில் சிஆர்டி நீட்டிப்போடு வைத்து, அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் ஓட்ட வேண்டும். அப்போதும் எல்லோரும் திருந்துவதில்லை. நோட், ஜாவா, பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் ஆகியவை தத்தம் சான்றிதழ் மூட்டைகளைச் சுமந்து திரிகின்றன. பிப் 2024இல் வந்த 24.2 பதிப்பிலிருந்து, பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால், இயங்குதளத்தின் சான்றிதழ்களையே பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

பிழை வந்தால் பிங் போட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. பிங் எச்டிடிபி பிராக்சி வழியாகப் போவதே இல்லை, அது தோற்றால் எதையும் நிரூபிக்காது. பிழைச்செய்தியைப் படிப்பது மேல். களஞ்சியத்தின் பெயரைத் தேட முடியவில்லை என்று ஆப்ட் சொன்னால், அது பிராக்சியைப் பயன்படுத்தவே இல்லை என்று பொருள். பிராக்சி வழியாகப் போகும் நிரல் வெளிப் பெயர்களைத் தானே தேடாது. பிராக்சியின் பெயரை மட்டும் தேடும். 407 என்ற எண் வந்தால் பிராக்சியை அடைந்தாயிற்று, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரப்படவில்லை அல்லது தவறு. ஹாஷ் சம் மிஸ்மேட்ச் என்று வந்தால் பெரும்பாலும் வழியில் ஒரு பிராக்சி பழைய பட்டியலைச் சேமித்து வைத்துப் பரிமாறுகிறது. கோப்புகளை அவற்றின் ஹாஷ் பெயராலேயே கேட்கும் முறை 2016 வாக்கில் ஆப்டில் வந்த பிறகு இது பெரிதும் குறைந்திருக்கிறது.

ஐம்பது, அறுபது கணினிகள் உள்ள ஆய்வகத்தைப் பராமரிப்பவர் ஒவ்வொன்றிலும் நிறுவனப் பிராக்சியின் கடவுச்சொல்லை எழுதி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரே ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவி, அதற்கு மட்டும் நிறுவனப் பிராக்சியைச் சொல்லி, மற்ற எல்லாக் கணினிகளின் ஆப்டையும் அதன் 3142ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடலாம். கடவுச்சொல் ஓரிடத்தில் நிற்கும், ஒரே தொகுப்பு அறுபது முறை வெளியிலிருந்து இறங்காது. தொகுப்புகளின் நம்பகம் கையொப்பத்தில் இருப்பதால், எச்டிடிபி வழியாக நடுவில் ஒருவர் சேமித்து வைத்துத் தருவதில் பாதகமில்லை. மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோ-ஆப்ட்-பிராக்சி என்ற தொகுப்பு உண்டு: பக்கத்தில் இப்படியொரு சேமிப்பகம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் பயன்படுத்தும், இல்லையென்றால் நேராகப் போகும். எச்டிடிபிஎஸ் மட்டுமே தரும் வெளிக் களஞ்சியங்களைத்தான் இந்தச் சேமிப்பகத்தால் இயல்பாகச் சேமிக்க முடியாது. அவற்றின் குழாயைப் பிரிக்காமல் கடத்திவிட, அதன் அமைப்புக் கோப்பில் அனுமதி வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த வரியில் எல்லா முகவரிகளுக்கும் கதவைத் திறந்துவிடாமல், தேவையான களஞ்சியங்களின் பெயர்களை மட்டும் எழுதுங்கள்.